வடக்குச் சுவர் நகராத விவரம்

தோயாமா மாகாணம், கமினோசவா நகரம், இரண்டாம் வட்டம், 14-ஆம் எண் வீட்டில் வசிக்கும் உஷிமாரு ஷூசாகு என்பவரின் மனைவி, வயது 61, உஷிமாரு தொகிகோ ஆகிய நான், 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10.10 மணிக்கு, கமினோசவா காவல் நிலையத்தில், துணை ஆய்வாளர் நாகுமோ அவர்கள் முன்னிலையில், சாட்சி என்ற முறையில் சொல்லும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் 36 வருடங்களாக என் கணவரோடு குடியிருந்து வருகிறேன். என் கணவர் அலுமினிய ஜன்னல் சட்டம் செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், கல்யாணமாகி ஒசாகாவில் இருக்கிறாள். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். பிறந்தது முதல் எங்கள் ஊர்க் கோயிலைச் சேர்ந்தவள், காலையும் மாலையும் அமிதா புத்தரின் நாமம் சொல்லாமல் இருந்ததில்லை. கோயில் மாதர் சங்கத்தில் 19 வருடங்களாகச் செயலாளராக இருக்கிறேன், சங்கத்தின் கணக்கும் கூட்டக் குறிப்பும் என் பொறுப்பு. இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டது இல்லை.

2011-ஆம் வருடம் குளிர்காலத்தில் என் கணவர் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துப் படுத்திருந்தபோது, எங்கள் வீட்டு அடுக்களையை அகலப்படுத்த நினைத்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு படம் போட்டேன். அதைப் பார்த்த தச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதன் பிறகு நகர நூலகத்தில் கட்டட வடிவமைப்பு மென்பொருள் பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்து வந்து, மகள் விட்டுப்போன பழைய கணினியில் பழகினேன். அந்தப் புத்தகத்தை 22 தடவை எடுத்திருக்கிறேன் என்று நூலக அட்டையில் இருக்கிறது. மூன்று குளிர்காலத்தில் வேலை கைக்கு வந்தது.

எங்கள் ஊரில் கட்டடம் வடிவமைப்பவர் கிதாதே யோஷிரோ ஒருவர்தான், வயது 54. எங்கள் பக்கத்தில் டாக்டரையும் கட்டடம் வரைபவரையும் வாத்தியார் என்றே கூப்பிடுவோம். அவரும் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர். என் அடுக்களைப் படத்தைத் தச்சர் மூலம் பார்த்து, 2014 முதல் எனக்கு வீட்டிலிருந்தபடி செய்யும் வேலை கொடுத்து வந்தார். அவர் கட்டடத்தின் வெறும் உருவத்தை மட்டும் கணினியில் செய்து அனுப்புவார். அதில் சுவர், ஜன்னல், கதவு எதுவும் இருக்காது. புத்தாண்டுக்கு இடிக்கும் அரிசி உருண்டை போல வெள்ளையாக மொழுமொழுவென்று இருப்பதால் அதை நாங்கள் மோச்சி என்போம். "அக்கா, மோச்சி ரெடி, தோல் போத்துங்க" என்று செய்தி வரும். நான் அந்த உருவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டு, எந்த வகைச் சுவர், எவ்வளவு தடிப்பு என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கத்தில் சுவர் வந்து ஒட்டிக்கொள்ளும். சுவரின் மேல் கூரை வைப்பேன். அதிலிருந்துதான் அச்சுப் படம், கொத்தனார் படம், தச்சர் படம் எல்லாம் வரும்.

உருவத்தைப் பிறகு மாற்றினால் சுவர் தானாக நகராது. ஒவ்வொரு சுவராகத் தேர்ந்தெடுத்து, பக்கத்தோடு மறுபடி சேர்க்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதிகாரி இதை இரண்டு முறை விளக்கச் சொன்னார். மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைச் சுற்றி ஒரு தாளை வளைத்து நிறுத்திக் காட்டினேன். அதன் பிறகு கோப்பையை மட்டும் மேலே தூக்கி எடுத்தேன். தாள் நின்ற இடத்திலேயே நின்றது. அதிகாரி புரிந்தது என்றார்.

2016 அக்டோபர் 15-ஆம் தேதி சனிக்கிழமை மதியம், கோயிலின் பழைய கூடத்தை இடித்துப் புதிய கூடம் கட்டுவது பற்றிய கூட்டம் நடந்தது. பிக்குவையும் சேர்த்து 23 பேர் வந்திருந்தார்கள். கோயிலுக்கு வடக்கே வேலியை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கும் குவானோ எய்ஜி என்பவரையும், வயது 74, அழைத்திருந்தார்கள். கிதாதே வாத்தியார் திரையில் வெள்ளை உருவத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். குவானோ பெரியவர் எழுந்து, "வாத்தியாரே, அந்தக் கொழுக்கட்டைக்கும் என் வேலிக்கும் நடுவுல எவ்வளவு?" என்று கேட்டார்.

"அறுபது சென்டிமீட்டர் ஐயா. சட்டப்படி ஐம்பதே போதும்."

"சட்டத்தை எழுதினவன் டோக்கியோக்காரன். அவன் ஊர்ல பனி அலங்காரத்துக்குப் பெய்யும். இங்க கூரையிலேர்ந்து சரிஞ்சா யார் தலையில விழும்? புத்தர் தலையிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிக்குவும் சிரித்தார். அதன் பிறகு பேசி, வடக்குப் பக்கத்தை எங்கள் தச்சர்கள் மூன்றடி என்று சொல்லும் ஓர் அளவு, அதாவது 91 செ.மீ., உள்ளே இழுப்பது என்று முடிவானது. வாத்தியார் அங்கேயே உருவத்தின் வடக்குப் பக்கத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக் காட்டினார். அந்தப் படத்தை அச்சிட்டு, அதில் குவானோ பெரியவர் சம்மதம் என்று முத்திரை வைத்தார்.

வடக்குப் பக்கத்தில் இருந்தது சமையலறை. மாதர் சங்கத் தலைவி சவாய் அக்கா, "அப்ப உள்ள போறது எங்க இடம்தானா?" என்று கேட்டார். வாத்தியார், "கொஞ்சம் நெருங்கி நின்னு சமைங்கக்கா, குளிருக்கு இதமா இருக்கும்" என்றார். ஆண்கள் மறுபடி சிரித்தார்கள். "ஆம்பளைங்க கையில அளவுகோல் இருந்தா முதல்ல தேயறது அடுக்களைதான்" என்று சவாய் அக்கா சொன்னார். இதையும் கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அதிகாரி சமையலறை விவரம் கேட்டதால் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் குருபூஜைக்கு நாங்கள் 140 பேருக்குச் சமைக்கிறோம். பழைய கூடத்தில் குழாய் வெளியே, கூரை நீண்டிருக்கும் இறவாணத்தின் கீழ் இருந்தது. பெரிய பானைகளைப் பனித்தூறலில் நின்றுதான் கழுவினோம். முதல் உருவத்தின்படி சமையலறையின் ஆழம் 273 செ.மீ., உள்ளே இழுத்த பிறகு 182. அதில் மேடைக்கு 65, அலமாரிக்கு 45 போனால், நிற்க மீதி 72. பெரிய பானை ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடி வரை 74.

குவானோ பெரியவருக்குக் கொடுத்த படத்தில் வெள்ளை உருவம் மட்டும் இருந்தது, கூட்டத்துக்கு முன்பே நான் போட்டு அனுப்பியிருந்த சுவர்கள் மறைக்கப்பட்டிருந்தன. ஏன் என்று கூட்டம் கலைந்த பிறகு வாத்தியாரைக் கேட்டேன். "சுவரைக் காட்டினா பெருசு ஒவ்வொரு ஆணிக்கும் கணக்கு கேட்கும்" என்றார். அப்போதே எனக்கு அது சரியாகப் படவில்லை.

அக்டோபர் 18-ஆம் தேதி வாத்தியார் கூடத்தின் கணினிக் கோப்பை அனுப்பினார். கூடவே, "வடக்கு, தெற்கு ரெண்டும் மாத்தியிருக்கேன், சுவரைப் பாத்துக்கோங்க" என்று ஒரு வரி எழுதியிருந்தார். தெற்கே முன்வாசலுக்காக உருவத்தை வெளியே நீட்டியிருந்தார். நான் சுவர்களைத் தேர்ந்தெடுத்து உருவத்தின் பக்கங்களோடு மறுபடி சேர்த்து, 20-ஆம் தேதி திருப்பி அனுப்பினேன். உருவம் கண்ணை மறைக்கும் என்பதால் அதை மறைத்து வைத்துவிட்டுத்தான் சுவர் வேலை செய்வது என் வழக்கம். ஆகையால் வடக்குச் சுவர் உருவத்தை விட்டு விலகி நின்றது எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் அச்சுப் படம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, இருவருமாக ஒவ்வொரு அளவாகச் சரிபார்ப்போம். இந்தத் தடவை அவர் கூப்பிடவில்லை. இரண்டே நாளில் அச்சிட்டு நகராட்சி அனுமதிக்குக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. அவ்வளவு அவசரம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

2017 ஏப்ரலில் குவானோ பெரியவர் இரண்டு கண்ணுக்கும் அறுவை செய்துகொள்ள நகோயாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். அவர் ரயில் ஏறிய நான்காம் நாள் அஸ்திவாரம் தோண்டினார்கள். இது தற்செயலா என்று என்னால் சொல்ல முடியாது. ஆகஸ்டில் அவர் திரும்பியபோது சுவர் எழும்பி, சாரம் கட்டி, துணி போட்டு மூடியிருந்தது. நான் வேலையாட்களுக்குத் தேநீர் கொண்டு போனபோது, அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன வாத்தியாரே, கிட்டக்க தெரியுதே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"துணி போட்டா எல்லாமே கிட்டக்கதான் தெரியும் ஐயா. உங்களுக்குக் கண்ணு வேற புதுசு."

"கண்ணு புதுசுதான். மூளை பழசு. அதை ஏமாத்த முடியாது" என்று பெரியவர் சொன்னார்.

நவம்பர் 24-ஆம் தேதி சாரத்தைப் பிரித்தார்கள். அதன் பிறகு 27-ஆம் தேதி குருபூஜைக்கு நாங்கள் புதிய சமையலறையில் சமைத்துக்கொண்டிருந்தபோது, குவானோ பெரியவர் கையில் அளவு நாடாவோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். சவாய் அக்கா, "வாங்க வாங்க, சேனைக்கிழங்குக் குழம்பு கொதிக்குது, ஒரு கிண்ணம் குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

"குழம்பு இருக்கட்டும். எனக்குக் காட்டின படத்தைவிட இந்த அடுக்களை பெருசா இருக்கே, எப்படி?"

"அது எங்க புண்ணியம்" என்றார் சவாய் அக்கா. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

வெளியே போன பெரியவர் வாத்தியாரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அறுபதுதான் இருக்கிறது என்று நாடாவைக் காட்டியிருக்கிறார். "பனிக்காலம் முடியட்டும் ஐயா, கூரையில பனித்தடுப்பு போட்டுக் கொடுத்துடறேன்" என்று வாத்தியார் சொன்னதாகப் பிக்கு என்னிடம் சொன்னார். கோயில் குழுவும் வசந்த காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

டிசம்பர் 3-ஆம் தேதி காலை கிதாதே வாத்தியார், காயவைத்த பெர்சிமன் பழம் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, "அக்கா, அந்தக் கூடத்தோட பழைய பைல் உங்க மெஷின்ல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "எடுத்துடுங்க. இருந்தா உங்களுக்குத்தான் நல்லதில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். உள்ளே இருந்து இதைக் கேட்ட என் கணவர், அவர் போன பிறகு, "என்ன, மெரட்டிட்டுப் போறானா?" என்றார். "அப்படித்தான் தெரியுதுங்க" என்றேன். அது மிரட்டும் பேச்சு என்றே நான் எடுத்துக்கொண்டேன். அந்த பைலை நான் அழிக்கவில்லை. அந்தக் கணினியைத்தான் இன்று என் கணவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

2018 பிப்ரவரி 5-ஆம் தேதி முதல் ஐந்து நாள் விடாமல் பனி பெய்தது. 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 10.40 மணி இருக்கும், நான் கோயிலில் வாடிய பூக்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சரக்கு ரயில் போவது போல் ஒரு சத்தம், தரை அதிர்ந்தது. புதிய கூடத்தின் வடக்குக் கூரைப் பனி முழுவதும் ஒரே பாளமாகச் சரிந்து, அறுபது செ.மீ. இடைவெளியை நிரப்பி, வேலியைச் சாய்த்து, அந்தப் பக்கம் போயிருந்தது. குவானோ பெரியவர் மண்ணெண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெய் பிடிக்க வெளியே வந்தவர், அதன் அடியில் இருந்தார். சிவப்பு எண்ணெய்க் கேனின் மூடி மட்டும் வெளியே தெரிந்தது. பதினோரு பேர் அள்ளினோம். மண்வெட்டி போதவில்லை, நான் பெரிய பானையின் மூடியால் அள்ளினேன். பதினான்கு நிமிடம் ஆனது. இடுப்பெலும்பும் நான்கு விலா எலும்பும் முறிந்திருந்தன. இனி எழுந்து நடக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு கிதாதே வாத்தியாரைக் காவல் நிலையத்தில் பலமுறை விசாரித்ததாக அறிகிறேன். வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று ஊரில் பேச்சு. அவர் அலுவலகப் பெயர்ப்பலகையின் மேல் துணி கட்டியிருக்கிறது. அவர் மனைவி மாதர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி 20-ஆம் தேதி நான் மருத்துவமனைக்குப் போய்க் குவானோ பெரியவரைப் பார்த்தேன். "நீங்கதானே கம்ப்யூட்டர்ல சுவர் போட்டவங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்தாளு பழியைத் தூக்கி உங்க தலையில போடுவான். விட்டுடாதீங்கம்மா. அவன் லைசென்ஸும் போகணும், அவனும் உள்ள போகணும். நீங்க நாமம் சொல்ற மனுஷி, நீங்க சொன்னா போலீஸ் நம்பும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகக் கொடுத்தேன். நான்கு சுளை சாப்பிட்டார்.

உருவத்தின் வடக்குப் பக்கம் உள்ளே போனால் கிழக்கு, மேற்குச் சுவர்களின் நீளமும் குறையுமே, அப்படியானால் வடக்குச் சுவரோடு சேரும் இரண்டு மூலையிலும் இடைவெளி விழுந்திருக்க வேண்டுமே, அதை நீங்கள் பார்க்கவில்லையா என்று அதிகாரி கேட்டார். கணினி சில சமயம் சுவர் முனைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும், அதனால் மூலையில் இடைவெளி எதையும் நான் பார்க்கவில்லை என்று சொல்கிறேன். வடக்குச் சுவர் நகரவில்லை என்பது கிதாதே வாத்தியாருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நான் சந்தேகிக்கிறேன்.

இதுவரை சொன்னது மதியம் 1.05 மணிக்கு எழுதி முடிக்கப்பட்டு, அதிகாரி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மேற்படி மூலை பற்றிய வரி வந்தபோது நிறுத்தச் சொன்னேன்.

"என்னம்மா, தேதி தப்பா?" என்றார்.

"தேதி எல்லாம் சரிங்க. மூலைதான் தப்பு" என்றேன்.

அதன் பிறகு நான் சேர்க்கச் சொன்னது பின்வருமாறு. சுவர் முனைகள் ஒன்றையொன்று தொட்டால்தான் கணினி சேர்க்கும். 91 செ.மீ. தள்ளி நிற்கும் முனைகள் தாமாகச் சேராது, யாராவது பிடித்து இழுக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு நான் இழுத்தேன். முதலில் கிழக்குச் சுவரின் முனையை வடக்குச் சுவர் வரை இழுத்தேன், அதன் பிறகு மேற்கு. அப்போது உருவம் மறைக்கப்பட்டிருக்கவில்லை. வடக்குச் சுவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் விட்டேன். வெள்ளை உருவத்தின் விளிம்பு சமையலறையின் நடுவில் ஒரு கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் உருவத்தை மறைத்துவிட்டுக் கணினிக் கோப்பை அனுப்பினேன். பானை திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சவாய் அக்காவுக்கோ மாதர் சங்கத்தில் வேறு யாருக்கோ இது தெரியாது. கூரைப் பனியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், நினைத்தேன், வாத்தியார் அச்சிடும்போது பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்றும் நினைத்தேன்.

அஸ்திவாரம் தோண்டிய தேதி, குவானோ பெரியவர் ஊருக்குப் போவது முடிவாவதற்கு முன்பே, ஜனவரி மாதக் கூட்டத்தில் குறித்த தேதி. அந்தக் குறிப்பை எழுதியது நான். டிசம்பர் 3-ஆம் தேதி கிதாதே வாத்தியார் வந்தபோது, அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றும், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்றும் அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டேதான் பழப் பெட்டியை வாங்கி வைத்தேன், என் கணவரிடம் மிரட்டல் என்றும் சொன்னேன். வாத்தியார் அளவைச் சரிபார்க்காமல் அச்சிட்டார் என்பதும், நவம்பரில் தெரிந்தும் பனித்தடுப்பு போடாமல் தள்ளிப்போட்டார் என்பதும் உண்மை, அவற்றை அடிக்கச் சொல்லவில்லை. குவானோ பெரியவரை அவர் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இதை எழுதினா நீங்க இனிமே சாட்சி இல்ல. இது உங்களுக்கு எதிராவே நிக்கும். பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டுக்காரர் வெளியதானே உக்காந்திருக்காரு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றார்.

"வேண்டாங்க. அவரைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாரு. நீங்க எழுதுங்க" என்றேன்.

மேலே சொன்னவை அனைத்தும் எனக்கு மறுபடி முதலிலிருந்து படித்துக் காட்டப்பட்டன. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. என் வேண்டுகோளின்படி இந்தத் தாள்களில் நான்கு சொற்கள், கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி, இரண்டு கோடு போட்டு அடிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் முத்திரை வைக்கப்பட்டது. அவை: வடக்குச் சுவர் விலகி நின்றது எனக்குத் "தெரியவில்லை" என்பது, "மிரட்டும்" என்பது, மூலை பற்றிய வரியில் "தானாகவே" என்பது, முதல் பத்தியில் "சாட்சி" என்பது. அடித்தல் நான்கு, சேர்த்தல் ஒன்று. அடித்தது போக மீதியும், சேர்த்ததும் உண்மை, இரண்டும் மாறுபடும் இடத்தில் சேர்த்ததே உண்மை.

(ஒப்பம், முத்திரை)
உஷிமாரு தொகிகோ